இறாலை அடையாளம் கண்ட உடம்பு

மட்டக்களப்பில், வாவியைப் பார்த்தபடி போகும் ஒரு சின்னத் தெருவில் நானும் என் கணவரும் மத்தியானச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், அடுப்படியில் எனக்குத் துணை. சோறு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அரிசி. மீன், அன்றைக்கு என்ன அகப்படுகிறதோ அது. இறால் கறி மட்டும் எல்லா நாளும் உண்டு. அந்தக் கறிக்காக அலுவலகங்களிலிருந்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, மேசை கிடைக்காமல் வாசலில் வெயிலில் காய்வார்கள். எனக்கு வேறு திறமைகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்காக யாரும் வெயிலில் நின்றதில்லை.

ஒரு நாள் காலை, பதினொரு மணி இருக்கும், கறியை இறக்குவதற்கு முன் வழக்கம்போல் அகப்பையால் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரி. புளி சரி. கொஞ்ச நேரத்தில் மேலுதட்டில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. புறங்கையால் தேய்த்தேன். எறும்பு போகவில்லை. சோற்றுப் பானையை வடித்துவிட்டு நிமிர்ந்தபோது கணவர் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, ஆரோட கோவம்? வாயைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய்" என்றார்.

"நான் ஆரோடயும் கோவிக்கல்ல."

"அப்ப அந்த உதட்டைக் கீழ இறக்கு."

இறக்க முடியவில்லை. கைபேசியின் முன்பக்கக் கமராவில் பார்த்தேன். என் மேலுதடு வேறு யாருடையதோ போல, தடித்துச் சிவந்து முன்னுக்கு வந்து நின்றது. அன்றைக்கு வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டே பரிமாறினேன். வழக்கமாக வரும் ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், "என்னக்கா, பல்லுக் கழட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். பொழுதுபடுவதற்குள் வீக்கம் தானாக வற்றிவிட்டது.

மச்சாளுக்கு நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கண்ணூறு என்றார். கடைக்கு இவ்வளவு பேர் வந்து போனால் கண்ணூறு படாமல் என்ன செய்யும் என்றார். உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் பொத்தி என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை என்பது அவருடைய சாட்சியம். நெடி வரவில்லையென்றால் கண்ணூறு பட்டது உண்மையாம். கணவர் மட்டும் பின்கதவால் வெளியே போய் இருமினார். அவர் இருமியது கணக்கில் வராது என்று மச்சாள் சொல்லிவிட்டார்.

கண்ணூறு கழித்த பிறகும் உதடு அடங்கவில்லை. கறியை ருசி பார்க்கும் நாட்களில் வீங்கியது. சில நாட்களில் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த தடிப்புகள் எழும்பின. கொசு கடித்ததுபோல ஆரம்பித்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய பெரிய தீவுகளாகப் பரவும். கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இறால் பொரியல் சாப்பிட்டு முடித்த கையோடு வயிற்றிலும் முதுகிலும் தடிப்புக் கிளம்பியது. அன்றைக்குத்தான் எனக்கு இறாலில் சந்தேகம் வந்தது. அதுவரைக்கும் நான் மிளகாய்த் தூள், சவர்க்காரம், கணவர் வாங்கிவந்த மலிவான முகப்பூச்சு என்று எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தேன். இறாலை மட்டும் ஏற்றவில்லை. அது எங்கள் வீட்டு ஆள்.

கணவர் இதை ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். "வாவி றாலாலதான் வருது. வாவியில தண்ணி அவ்வளவு நல்லா இல்ல. கடல் றாலைப் பார்ப்பம்" என்று வாழைச்சேனைத் துறைமுகத்துக்கே போய் வாங்கிவந்தார். அது பெரிய இறால், பார்க்கவே ஆசையாக இருந்தது. பாதி இறாலைத்தான் தின்றேன். காது மடல் இரண்டும் வடை மாதிரி ஆகின. மறுகிழமை, "நல்லா அவிஞ்சா ஒண்டும் செய்யாது" என்று சொல்லி இறாலை ரப்பர் ஆகும்வரைக்கும் அவித்தார். ரப்பருக்கும் உதடு வீங்கியது. பிறகு நண்டு. நண்டுக்கும் தடிப்பு. கணவாய்க்கு நாக்கு மட்டும் கொஞ்சம் அரித்துக் கடித்தது. கொடுவா மீன் குழம்புக்கு ஒன்றும் நடக்கவில்லை. திலாப்பியாவுக்கும் இல்லை. கருவாட்டுக்கும் இல்லை.

"அப்ப கால் உள்ளதெல்லாம் உனக்கு ஆகாது. கால் இல்லாதது ஆகும்" என்று கணவர் முடிவு சொன்னார்.

"கோழிக்குக் கால் இல்லையா?" என்று மச்சாள் கேட்டார்.

ஆராய்ச்சி அத்தோடு நின்றது. அடுத்த நாள் நான் டொக்டரிடம் போனேன்.

அந்த டொக்டர் என்னைவிட வயதில் இளையவர். எங்கள் கடையில் சாப்பிட்டிருக்கிறாராம். நான் கதையை முதலிலிருந்து சொன்னேன். ரப்பர் இறால் வரைக்கும் வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு நண்டு, கணவாய் என்று நாங்கள் ஒவ்வொன்றாகத் தின்று பார்த்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, இனி இப்படி வீட்டில பரிசோதிக்கக் கூடாது. ஒரு நாளைக்குத் தொண்டை அடைச்சால் மூச்சு நிண்டுபோகும்" என்றார். பிறகு, "நீங்க எவ்வளவு காலமா றால் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"பல்லு முளைச்ச நாளில இருந்து டொக்டர்."

"அவ்வளவு காலமும் ஒண்டும் செய்யல்ல."

"ஒண்டும் செய்யல்ல. இப்பதான் அதுக்கு என்னில கோவம்."

"அதுக்குக் கோவமில்ல அக்கா. உங்களுக்குத்தான் அதில கோவம்."

எனக்கு விளங்கவில்லை. இறால் மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. டொக்டர் கழுத்திலிருந்து தன் அடையாள அட்டையைக் கழற்றி, அது தொங்கிய நீல நாடாவை மேசையில் நீட்டி வைத்தார். இறாலின் தசைக்குள் நீளமான ஒரு புரதம் இருக்கிறது, அது ஏறக்குறைய இந்த நாடா மாதிரி என்றார். பிறகு நாடாவின் நடுவே ஓரிடத்தை இரண்டு நகங்களால் கிள்ளிப் பிடித்தார்.

"உங்கட உடம்பு முழு றாலையும் பாக்கிறதில்ல. இந்த முழு நாடாவையும்கூடப் பாக்கிறதில்ல. இந்தக் கிள்ளின இடம் இருக்கே, இந்தச் சின்னத் துண்டு, இதைத்தான் பாக்குது. உங்கட ரத்தத்தில இதுக்கெண்டே அளவெடுத்தமாதிரி ஒரு பிறபொருளெதிரி, கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யிற சாமான், உண்டாகிக் கிடக்கு. அதின்ட நுனி இந்தத் துண்டில மட்டும்தான் சரியாப் பொருந்தும். இப்படி ரெண்டு மூண்டு இடம் இந்த நாடாவில இருக்கும். அவ்வளவுதான்."

என்னோடு வந்திருந்த கணவர் "பிறபொருளெதிரி" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படித்த சொல்தான், ஆனால் படித்த நாளுக்குப் பிறகு அவர் அதை ஒருதரமும் பாவித்ததில்லை.

"இந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிருமி தப்பிப் போயிடும் டொக்டர்" என்றார்.

நான் என் சந்தேகத்தைக் கேட்டேன். "றாலும் நண்டும் வேற வேற சாமான்தானே. அதுக்கு ஏன் இந்த வித்தியாசம் தெரியல்ல?"

"அதுக்கு றால் எண்டும் தெரியாது, நண்டு எண்டும் தெரியாது. நண்டுக்குள்ளயும் இப்படி ஒரு நாடா இருக்கு. அதிலயும் அந்த இடத்தில கிட்டத்தட்ட இதே துண்டுதான். கணவாயில கொஞ்சம் மாறியிருக்கும், அதுதான் நாக்கு மட்டும் கடிச்சிருக்கு. மீனிலயும் இந்தப் புரதம் இருக்கு அக்கா, ஆனால் அந்த இடம் வேற மாதிரி. பொருந்தாது. அதால விட்டுட்டுது."

"நல்லா அவிச்சும் பாத்தம்."

"சில புரதம் உருண்டு மடிஞ்சு கிடக்கும். அதை அவிச்சால் மடிப்புக் குலைஞ்சு போகும். மடிப்பைப் பாத்து அடையாளம் பிடிக்கிற பிறபொருளெதிரிக்குப் பிறகு ஆளைத் தெரியாது. இது அப்படியில்ல. சூட்டுக்கு லேசில அசையாது. அசைஞ்சாலும் அந்தத் துண்டு நாடாவில பக்கத்துக்குப் பக்கம் வரிசையாக் கிடக்கிறதால அப்படியே இருக்கும். நீங்க அவிச்சாலும் ஒண்டுதான், பொரிச்சாலும் ஒண்டுதான்."

இந்தப் பிறபொருளெதிரிகள் என் தோலிலும் உதட்டிலும் தொண்டையிலும் உள்ள சில உயிர்க்கலங்களின் மேல் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கின்றனவாம். இறாலின் நாடா வந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை ஒரே நேரத்தில் தொட்டால் போதும், அந்தக் கலம் தனக்குள் வைத்திருக்கும் சரக்கையெல்லாம் வெளியே கொட்டிவிடும். அதுதான் தடிப்பு, அதுதான் கடி, அதுதான் வீக்கம். நான் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு காலமும் அங்கே இருப்பவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

டொக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, கொழும்பில் தோலில் குத்திப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கும் அனுப்பினார். அதற்கு முன் சில நாட்கள் அந்த மாத்திரையைப் போடக்கூடாது என்றும் சொன்னார். கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் ரயில் ஏறினோம். கடை பூட்டினால் வாடிக்கையாளர்கள் கோபிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பக்கத்துத் தெருக் கடையில் சாப்பிட்டுவிட்டு, அங்கே கறி சரியில்லை என்று கைபேசியில் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார்கள். ரயிலில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

கொழும்பில் ஒரு தாதி என் முழங்கைக்குக் கீழே பேனாவால் அடையாளங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு துளி விட்டார். இறால், நண்டு, மீன், பால், முட்டை, இன்னும் என்னவெல்லாமோ. துளிகளின் மேல் மெல்லிய ஊசியால் தோலைச் சீண்டிவிட்டு, கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார். கணவர் கிரிக்கெட் பார்ப்பவர்போல என் கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"றால் எழும்புது" என்றார் முதலில். கொஞ்ச நேரத்தில், "நண்டும் எழும்புது. மீன் அப்படியே கிடக்கு. பாவம் மீன்."

பாலும் முட்டையும் எழும்பவில்லை. ஆனால் கைக்கு அந்தப் பக்கம் வேறு இரண்டு துளிகள் உப்பிக்கொண்டு வந்தன. ஒன்று கொஞ்சம் சின்னது, மற்றது இறாலுக்கு ஈடு. அவை என்ன என்று தாதியிடம் கேட்டோம்.

"இந்தச் சின்னது கரப்பான் பூச்சி" என்றார்.

கணவர் என் பக்கம் குனிந்து, "நீ எப்ப கரப்பான் சாப்பிட்டனீ?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்குள் பெரிய டொக்டர் உள்ளே வந்துவிட்டார். கணவர் பதறிப்போனார். நாங்கள் சாப்பாட்டுக் கடைக்காரர். சுகாதாரப் பரிசோதகரைக் கண்ட மாதிரி எழுந்து நின்று, "டொக்டர், எங்கட கடையில கரப்பான் பூச்சி இல்ல. ஒவ்வொரு கிழமையும் மருந்தடிக்கிறம். குசினி நிலம் முழுக்க டைல்ஸ் போட்டது" என்றார்.

டொக்டர் அவரை உட்காரச் சொன்னார். இது கடையைப் பற்றியது இல்லை என்றார். இறாலின் தசையில் இருக்கும் அந்தப் புரதம் கரப்பான் பூச்சியிலும் உண்டு, படுக்கையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியிலும் உண்டு. அடையாளம் பிடிக்கும் அந்த இடங்களில் இவை மூன்றும் மிக நெருக்கம். அந்தப் பெரிய தடிப்பு தூசிப் பூச்சிக்கு வந்தது.

"அப்ப றால்தான் என்னை முதல்ல பிழையாக்கினதா?" என்று கேட்டேன்.

"அதை உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்க காலமெல்லாம் றால் சாப்பிட்டு ஒன்றும் வராமல் இருந்திருக்கிறீங்க. சில பேருக்கு, மூச்சோடு உள்ளே போகும் தூசிப் பூச்சிக்கு எதிராகத்தான் முதலில் பிறபொருளெதிரி உண்டாகும். பிறகு ஒரு நாள் அது இறாலிலயும் அதே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். உங்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம்."

எப்படி உண்டாகும் என்று கேட்டேன். கொழும்புக்கு வந்தது வந்தோம், முழுவதையும் கேட்டுவிடுவோம் என்றிருந்தது. உடம்புக்குள் எண்ணற்ற கலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான பிடி என்றார். அநேகமானவை தங்களுக்குப் பொருந்தும் ஒன்றைக் காணாமலே செத்துப் போகும். தூசிப் பூச்சி உள்ளே போனபோது எங்கேயோ ஒரு கலத்தின் பிடி அதில் சரியாக விழுந்திருக்கிறது. அந்தக் கலம் புரதத்தைப் பிடித்து, உள்ளே இழுத்து, வெட்டி, ஒரு துண்டை வெளியே தூக்கிக் காட்டும். இன்னொரு வகைக் கலம் வந்து அந்தத் துண்டைப் பார்க்கும். இந்த இரண்டாவது ஆளுக்கு முழுப் புரதத்தைக் காட்டினால் தெரியாது, வெட்டின துண்டை அதற்குரிய தட்டில் வைத்துக் காட்டினால்தான் தெரியும். அது சரி என்றால், முதல் கலம் பெருகத் தொடங்கும். பெருகினவற்றில் ஒரு பங்கு பிறபொருளெதிரி செய்யும், ஒரு பங்கு நினைவு வைத்துக்கொண்டு கிடக்கும்.

"அதுகள் மறக்காதா?" என்றேன்.

"லேசில் மறக்காது."

ரயிலில் திரும்பி வரும்போது கணவர் நெடுநேரம் யோசனையில் இருந்தார். பொலன்னறுவை தாண்டின பிறகுதான் பேசினார். "படுக்கையில எண்டால் எங்க?" என்று கேட்டார். அவருக்கு விடை தெரிந்துதான் கேட்டார். அவரிடம் ஒரு இலவம்பஞ்சுத் தலையணை இருக்கிறது. இருந்தது. கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்த சொத்து. மழைக்காலத்தில் ஒரு கனமும் கோடையில் ஒரு கனமும் இருக்கும். உறையை எத்தனை தரம் மாற்றினாலும் உள்ளே உள்ளது உள்ளேதான். அதைத் தட்டினால் அறையில் வெளிச்சம் மங்கும்.

"அதுக்குள்ள பூச்சி இல்ல. நான் ஒவ்வொரு நாளும் அதிலதான் படுக்கிறன். எனக்கு ஒண்டும் செய்யல்லையே" என்றார்.

"உங்கட கலத்துக்கு அந்தப் பிடி விழயில்ல. எனக்கு விழுந்திட்டுது."

இரண்டு நாள் வழக்கு நடந்தது. மூன்றாம் நாள் தலையணையைத் தானே தோட்டத்தின் மூலைக்குக் கொண்டுபோய்த் தீ வைத்தார். அது எரிந்து முடியும்வரைக்கும் பக்கத்தில் நின்றார். இலவம்பஞ்சு நன்றாக எரியும். ஆனால் அது எரிய எடுத்த நேரத்தைப் பார்த்தால், உள்ளே பஞ்சைத் தவிர வேறு பலதும் இருந்திருக்க வேண்டும்.

தலையணை போன பிறகு, வருடக்கணக்காக எனக்கு இருந்த காலைத் தும்மல் குறைந்தது. இறால் மட்டும் திரும்பி வரவில்லை. நான் ருசி பார்ப்பதை விட்டேன். கணவரை ருசி பார்க்க வைத்தேன். அவருக்கு எல்லாக் கறியும் சரிதான். உப்பில்லாத கறியைக் குடித்துவிட்டு "நல்லாக் கிடக்கு" என்பார், உப்பு இரண்டு மடங்கு போட்ட கறிக்கும் அதே வார்த்தைதான். மச்சாளோ இந்த முழு விஷயத்தையும் நம்பவில்லை. கொழும்புக்குப் போய்க் கையில் குத்திக்கொண்டு வந்ததற்கு, பேசாமல் கோயிலுக்குப் போயிருக்கலாம் என்பது அவர் கருத்து.

அந்த நம்பாமையால்தான் அது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறிச் சாப்பாடு. மச்சாள் காலையில் இறால் வடை சுட்ட தாச்சியிலேயே, அதே எண்ணெயில் பப்படம் பொரித்தார். எனக்குத் தெரியாது. சோற்றோடு இரண்டு பப்படம் நொறுக்கித் தின்றேன். கை கழுவும்போதே உள்ளங்கை கடித்தது. பிறகு தொண்டைக்குள் யாரோ துணியை அடைத்தமாதிரி இருந்தது. கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. வெளியே வந்தது ஒரு விசில்.

எங்கள் கடை வாசலில் சாப்பிட வந்த ஒருவருடைய முச்சக்கர வண்டி நின்றது. அவர் சோற்றுக் கையோடு எழும்பி ஓடிவந்து வண்டியை எடுத்தார். மச்சாள் எனக்குப் பக்கத்தில் ஏறி என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "புள்ள, கண்ணைத் திறகா. கண்ணைத் திற" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்களைத் திறந்துதான் வைத்திருந்தேன், இமை வீங்கியதால் அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். நெஞ்சு குதிரைபோல் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தொண்டையிலிருந்த துணியை யாரோ உருவிவிட்டதுபோல மூச்சு வந்தது. அந்த மூச்சின் ருசியை நான் எந்தக் கறியிலும் கண்டதில்லை.

பயந்தேன். அதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு வராது. விழித்துப் பார்த்தபோது கணவர் என் காலடியில் இருந்தார், ஒரு செருப்பு மட்டும் போட்டிருந்தார். மச்சாள் தலைமாட்டில் நின்றார்.

நோயாளிகளைச் சுற்றிப் பார்க்க வந்த டொக்டர், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். பப்படம் என்றேன். மச்சாள் தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், அந்த எண்ணெயில றால் வடை சுட்டது. வடையை எடுத்திட்டன். ஒரு தூள்கூட இல்ல. வடிச்சுத்தான் வச்சனான்."

"கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் காணும் அம்மா."

"அவ்வளவு சின்னதை உள்ளுக்குப் போய் ஆர் கண்டுபிடிக்கிற?"

டொக்டர் சுருக்கமாகச் சொன்னார், பிறபொருளெதிரி, பொருந்தும் இடம், கலம் என்று. மச்சாள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டார். முடிவில் "அப்ப மிளகாய் சுத்திப் போட்டு அதை ஏமாத்த ஏலாது" என்றார். ஏலாது என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மச்சாள் வேறு ஆள். எனக்கென்று ஒரு தாச்சி, ஒரு அகப்பை, ஒரு பலகை, ஒரு கத்தி. அவற்றின் பிடியில் சிவப்பு நூல் கட்டினார். கணவர் ஒருநாள் அந்தக் கத்தியால் இறால் தலை கிள்ளப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது தெரு முழுக்கக் கேட்டது. சாப்பிட வருகிறவர்களுக்கும் வகுப்பு நடந்தது. "றால் எண்டு அதுக்குத் தெரியாது தம்பி. ஒரு துண்டு இருக்கு. அந்தத் துண்டைத்தான் அது பாக்கிற" என்று வங்கிக்காரருக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்ததை நான் யன்னலால் கேட்டேன். வங்கிக்காரர் கையில் பிடித்திருந்த இறாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், துண்டு எங்கே என்று.

இறால் அவியும் ஆவியும் எனக்கு ஆகாது என்று தெரிந்தபோது, அந்தக் கறி என் கையை விட்டுப் போனது. ஆவியில் ஏறி வரும் துளிகளிலும் அந்தப் புரதம் இருக்குமாம். மச்சாள்தான் சமைக்க வேண்டும். முதல் நாள் நான் வெளியே நின்று கைபேசியின் காணொளி அழைப்பில் வழிநடத்தினேன். கணவர் சட்டிக்கு மேலே கைபேசியைப் பிடித்தார். எனக்கு வெள்ளைப் புகைதான் தெரிந்தது.

"நிறம் எப்பிடிக் கிடக்கு?"

"கறி நிறமாக் கிடக்கு" என்றார் கணவர்.

"இப்ப பால் விடச் சொல்லுங்க. மறுகா ஒருக்காக் கொதிச்ச உடன இறக்கச் சொல்லுங்க."

"பால் அப்பவே விட்டுட்டா."

"ஆரைக் கேட்டு விட்ட?"

அடுப்புப் பக்கமிருந்து மச்சாளின் குரல் வந்தது. "இஞ்ச நான் நிக்கிறன், நீ அங்க நிக்கிறாய். எனக்குச் சட்டி சொல்லுது." அத்தோடு அழைப்பு அறுந்தது. கணவர் கைபேசியைக் கறிக்குள் விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. புதுச் சட்டி வைத்து, மச்சாள் இரண்டாம் தரம் தன் பாட்டில் சமைத்தார். அந்தக் கைபேசி அதன் பிறகு பேசவில்லை.

அன்றைக்கு வங்கிக்காரர் முதல் வாய் வைத்ததும் நிறுத்தினார். நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன், கொஞ்சம் தள்ளி. இரண்டாம் வாய். மூன்றாம் வாய். இலையை வழித்து எடுத்தார்.

"இண்டைக்கு ஆர் கறி?"

"மச்சாள்."

"உங்கடயை விட..." என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்தார். "உங்கடதும் நல்லம்தான்" என்று முடித்தார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. என்ன வித்தியாசம் என்று கேட்டேன். உறைப்பா, புளிப்பா, பெருஞ்சீரகம் கூடப் போட்டாரா? அவர் யோசித்தார். பக்கத்து மேசைக்காரரும் யோசித்தார். கடைசியில் வங்கிக்காரர், "றால் மாதிரித்தான் கிடக்கு அக்கா" என்றார். பல நாள் கேட்டேன். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் யாரிடமும் வார்த்தை இல்லை. அந்தக் கறியில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கக்கூடியவை என் உடம்புக்குள்தான் இருந்தன. அவற்றிடம் கேட்கவும் வழியில்லை.

ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு கொடுவா மீன் குழம்பில் கை வைத்தேன். கொறுக்காய்ப் புளியைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், மிளகை இடித்துப் போட்டுப் பார்த்தேன். மச்சாளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன். அவர் உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, "ஒள்ளுப்பம் உப்புப் போடு. மற்றதெல்லாம் சரி" என்றார். கொஞ்சம் போட்டேன், சரியாக இருந்தது. இப்போது மீனுக்கும் ஆட்கள் வருகிறார்கள். இறாலுக்கு வருகிறவர்களின் அளவுக்கு இல்லை. கிட்டத்தட்ட.

போன மாதம் எங்கள் ஊர் டொக்டரிடம் போயிருந்தேன். இனி எப்போதாவது இறால் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். பெரியவர்களுக்கு வந்தால் அநேகமாகப் போவதில்லை என்றார். அவசரத்துக்குத் தொடையில் போட்டுக்கொள்ளத் தந்த ஊசி மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று காட்டினேன். புறப்படும்போது, மத்தியானத்துக்கு இரண்டு இறால் சாப்பாடு எடுத்து வைக்க முடியுமா என்றும் கேட்டார். மச்சாளிடம் சொல்வதாகச் சொன்னேன்.

இப்போது காலையில் இறால் அடுப்பில் ஏறியதும் நான் வெளியே வந்துவிடுவேன். வாவிக்கரையில் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கிறது, அதில் இருப்பேன். இத்தனை வருடமும் அந்த நேரத்தில் எனக்கு வாவி என்றால் பின்யன்னலில் ஒரு பளபளப்பு மட்டும்தான். இப்போது தோணிகள் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். நீர்க்காகம் ஒன்று கழியில் குந்தி இறகை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கிறேன். சில நாள் ஒன்றையும் பார்ப்பதில்லை, சும்மா இருக்கிறேன். என் இரத்தத்தில் இருப்பவர்கள் எனக்குச் செய்த நல்ல காரியம் இந்த அரைமணி நேரம்தான் என்று கணவரிடம் சொன்னேன். அப்படியென்றால் தனக்கும் ஏதாவது ஒன்று வரட்டும் என்றார்.

கறி இறக்கியதும் மச்சாள் முற்றத்துக் குழாயடிக்கு வருவார். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். நகத்துக்குள் தேங்காய்த் தும்பு விட்டுத் தேய்ப்பார். முகர்ந்து பார்ப்பார். திருப்தி இல்லாமல் இன்னொருதரம் கழுவுவார். சேலையையும் மாற்றிக்கொண்டு, பிறகுதான் உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வருவார். கோப்பையை என் கையில் தராமல் கட்டின் மேல் வைத்துவிட்டு, ஒரு ஆள் இருக்கக்கூடிய அளவு தள்ளி உட்காருவார்.

"இன்னும் கிட்ட வாங்க மச்சாள், ஒண்டும் செய்யாது" என்பேன்.

"நீ குடி" என்பார்.